விதி எழுதும் இடத்தில் அயலார் குரல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை. ஆரணியில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓயும் நேரம். பக்கத்து வீட்டு அண்ணன் கையில் கைப்பேசியோடு வந்தார். நூல் வகைகளின் தரம் பற்றி டில்லியில் புதிதாக ஏதோ உத்தரவு வரப் போகிறதாம். அது நம் பட்டு நூலையும் தொடுமா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். எங்கள் தெருவில் கல்லூரிக்குச் செல்லும் முதல் பெண் நான். ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும், அது வங்கிக் கடிதமானாலும் மருத்துவர் எழுதிய சீட்டானாலும், என்னிடம்தான் வரும்.

தேடிப் பார்த்தேன். அது இன்னும் உத்தரவு ஆகவில்லை, வரைவுதான். பதினான்கு பக்கம். முழுவதும் ஆங்கிலம். படித்துப் பொருள் கண்டுபிடிக்கவே இரவு பத்து மணி ஆகிவிட்டது. பட்டு நூலை அது தொடவில்லை என்று அறிந்து ஆறுதல் அடைந்தேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இதைப் பற்றிக் கருத்துக் கூற விரும்புவோர் இன்ன தேதிக்குள் எழுத வேண்டும் என்று. அந்தத் தேதி கழிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மறுநாள் செய்தித்தாளில், அயல்நாட்டு நூல் உற்பத்தியாளர்கள் அந்த வரைவை எதிர்த்து உரிய காலத்தில் கருத்து அனுப்பியிருப்பதாகப் படித்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தறிக்குழியில் காலை வைத்தபடியே கேட்டார்: “நமக்கே தெரியாத சேதி, கடலுக்கு அந்தாண்ட இருக்கிறவனுக்கு எப்படிம்மா தெரியுது?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. விடை தேடி நூலகத்திலும் இணையத்திலும் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை. ஓர் அரசு விதி எழுதும்போது அயல்நாட்டார் செல்வாக்கு எந்தெந்த வழியாக நுழைகிறது? அதற்கு வரம்பு கட்டுவது எவ்வாறு? இவ்விரண்டையும் இங்கே காண்போம்.

சட்டமும் விதியும்

சட்டத்தைப் பாராளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றுகிறது. விவாதம் நடக்கிறது, பத்திரிகைகளில் செய்தி வருகிறது. ஆனால் ஒரு சட்டம் பெரும்பாலும் எலும்புக்கூடு போன்றது. எவ்வளவு வரி, எந்தத் தரம், எந்தப் படிவம், எத்தனை நாள் என்ற தசையும் நரம்பும் விதிகளிலும் அறிவிக்கைகளிலும்தான் இருக்கின்றன. இவற்றை எழுதுவது அமைச்சகம். அரசிதழில் வெளியான பின், பொதுவாக 30 நாள் பாராளுமன்ற அவைகளின் முன் வைக்கப்படும். இரு அவைகளிலும் இதற்கெனக் குழுக்கள் உண்டு. ஆயினும் ஆண்டுதோறும் குவியும் விதிகளில் பெரும்பாலானவை ஒரு பேச்சும் இல்லாமலே கடந்து விடுகின்றன.

ஆகவே விதி எழுதும் மேசையின் அருகே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது, சட்டமன்றத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் போலவே முக்கியமானது. ஆரணித் தறிகாரருக்குச் சட்டமன்ற உறுப்பினரைத் தெரியும். விதி எழுதும் மேசை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பது தெரியாது.

மூன்றரை விழுக்காடு

அயலார் செல்வாக்கு என்பது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே தெளிவான சான்று உண்டு.

இங்கிலாந்தின் பாராளுமன்றம் 1700-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, இந்தியா, பாரசீகம், சீனம் ஆகிய நாடுகளிலிருந்து வரும் பட்டுத் துணிகளையும் அச்சிட்ட பருத்தித் துணிகளையும் தன் மக்கள் பயன்படுத்துவதைத் தடுத்தது. 1721-இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியின் பட்டு நெசவாளர்கள் தெருவில் இறங்கிக் கலகம் செய்ததும் அதற்கு ஒரு காரணம். அவர்கள் நாட்டு நெசவாளர் குரலை அவர்கள் அரசு கேட்டது. அதில் நாம் குறை காண இயலாது.

ஆனால் அதே அரசு இந்தியாவை ஆண்டபோது நடந்தது வேறு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு இறக்குமதியாகும் பருத்தித் துணிக்குச் சிறிதளவு வரி இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று மான்செஸ்டர் ஆலை முதலாளிகள் விடாமல் வற்புறுத்தினர். 1879-இல் வைஸ்ராய் லிட்டன், தம் ஆலோசனை சபையின் பெரும்பான்மையோர் எதிர்த்தபோதும் அதை மீறி, முரட்டுத் துணிகளுக்கு வரியை நீக்கினார். 1882-இல் பருத்தி வரி முழுவதுமே நீக்கப்பட்டது. 1894-இல் கருவூலத்தில் பணம் இல்லாமற்போகவே மீண்டும் வரி விதிக்க நேர்ந்தது. உடனே லங்காஷயர் குரல் எழுப்பியது. 1896-இல் ஒரு சமரசம் வந்தது. வெளிநாட்டுத் துணிக்கு 3.5 விழுக்காடு இறக்குமதி வரி. அதற்கு ஈடாக இந்திய ஆலைத் துணிக்கும் 3.5 விழுக்காடு உற்பத்தி வரி!

தன் நாட்டுத் தொழிலுக்குத் தானே அபராதம் போட்டுக்கொண்ட இந்த விதி எந்த இந்தியரின் நன்மைக்காகவும் எழுதப்பட்டதன்று. கைத்தறித் துணிக்கு அவ்வரி இல்லை என்பது உண்மை. ஆனால் இந்தியரின் பணத்தைப் பற்றிய முடிவை இந்தியரைக் கேளாமல் எடுத்தார்கள் என்பதுதான் நாட்டைச் சுட்டது. திலகர் போன்ற தலைவர்கள் கண்டித்தனர். 1925-இல் அவ்வரி நிறுத்தி வைக்கப்பட்டு, மறு ஆண்டு ஒழிக்கப்பட்டது. முப்பது ஆண்டு ஆயிற்று அந்த ஒரு வரியை அடித்தெழுத!

இன்று நாம் விடுதலை பெற்ற நாடு. டில்லியில் உட்கார்ந்து விதி எழுதுபவர் நம் நாட்டவரே. எனவே செல்வாக்கும் பழைய வழியில் வருவதில்லை. அது இரண்டு வாசல்களில் வருகிறது. ஒன்று பணத்தின் வாசல். மற்றொன்று பேச்சின் வாசல்.

பணத்தின் வாசல்

பணத்தின் வாசலை அடைக்க 1976-இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது அதன் இடத்தில் வந்த 2010-ஆம் ஆண்டுச் சட்டம். தேர்தல் வேட்பாளர், அரசியல் கட்சி, பாராளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர், நீதிபதி, அரசு ஊழியர், செய்தித்தாள் ஆசிரியர் ஆகியோர் வெளிநாட்டு நன்கொடை பெறலாகாது என்று அது கூறுகிறது. சட்டத்தை எழுதுபவர், அதை நடத்துபவர், தீர்ப்புக் கூறுபவர், அதைப் பற்றி எழுதுபவர் ஆகிய நால்வரையும் ஒரே பட்டியலில் வைத்திருப்பது நன்கு எண்ணிச் செய்த ஏற்பாடு எனலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலும் கட்சிகள் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது என்ற விதி உண்டு.

ஆனால் வேலி எவ்வளவு உறுதியானது என்பதை அதைக் கட்டியவர்களே சோதித்துப் பார்த்தனர். 2014 மார்ச் 28 அன்று டில்லி உயர் நீதிமன்றம், காங்கிரஸ், பாரதிய ஜனதா ஆகிய இரு பெருங்கட்சிகளுமே, லண்டன் வேதாந்தா நிறுவனத்தின் இந்தியக் கிளை நிறுவனங்களிடம் நன்கொடை பெற்று இச்சட்டத்தை மீறியதாகக் கூறியது. பின்னர் நடந்தது வியப்புக்குரியது. 2016-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாக “வெளிநாட்டு மூலம்” என்ற சொல்லின் பொருளே மாற்றப்பட்டது. அதுவும் 2010 முதல் செல்லும்படி. 2018-இல் அந்த மாற்றம் 1976 வரை பின்னோக்கி நீட்டப்பட்டது. அனுமதிக்கப்பட்ட முதலீட்டு வரம்புக்குள் இருக்கும் நிறுவனம், அதன் உரிமையாளர் வெளிநாட்டவரே ஆனாலும், வெளிநாட்டு மூலம் அன்று என்று ஆயிற்று. அதே 2018-இல் கொடுத்தவர் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாத தேர்தல் பத்திரமும் வந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அப்பத்திரத் திட்டத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வாக்காளருக்கு அறியும் உரிமை உண்டு என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

இங்கே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலியை மிக நெருக்கிப் போட்டால் நம் வீட்டு ஆடும் உள்ளே வர முடியாது. பொதுமக்கள் கோரிக்கைக்காகக் கடையடைப்பு, மறியல் போன்றவற்றில் ஈடுபடும் அமைப்புகளையும் “அரசியல் தன்மை உள்ளவை” என்று முத்திரை குத்த அச்சட்டத்தின் விதிகள் இடம் தந்தன. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கட்சி அரசியலில் ஈடுபடாமல் மக்கள் நலனுக்காகப் போராடும் அமைப்புக்கு அந்த முத்திரை பொருந்தாது என்று விளக்கியது. அயலாரை நிறுத்தும் விதி, நம்மவர் வாயை அடைக்கும் விதியாக மாறிவிடக் கூடாது.

பேச்சின் வாசல்

பணம் கொடாமல், காரணம் சொல்லி வாதாடுவதையும் நாம் தடுக்க வேண்டுமா? இதற்கு விடை காண மூன்று நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

முதலாவது, ஒரு மருந்தின் வழக்கு. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குரிய கிளிவெக் என்ற மருந்துக்குச் சுவிட்சர்லாந்து நாட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் நம் நாட்டில் காப்புரிமை கேட்டது. அம்மருந்தின் விலை மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். நம் நாட்டு நிறுவனங்கள் செய்த அதே மருந்தின் விலை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பழைய பொருளின் வடிவத்தைச் சிறிது மாற்றி, நோய் தீர்க்கும் திறன் கூடாமலே புதிய காப்புரிமை கேட்பதை நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு தடுக்கிறது. 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை மறுத்தது. அந்தச் சட்டப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2007 ஆகஸ்டில் மனு தள்ளுபடியாயிற்று. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று இறுதியாக நிறுவனத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அயல் நிறுவனம் தன் வாதம் முழுவதையும் சொல்ல இடம் கிடைத்தது. எதிரே புற்றுநோயாளிகளின் சங்கமும் நின்று பேசியது. எல்லாம் திறந்த மன்றத்தில் நடந்தது; தீர்ப்பு காரணங்களோடு வந்தது.

இரண்டாவது, இறக்குமதிக் கட்டுப்பாடு. நுகர்பொருள், ஜவுளி முதலிய பல பொருள்களுக்கு இந்தியா வைத்திருந்த அளவுக் கட்டுப்பாட்டை எதிர்த்து 1997-இல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 1999-இல் இந்தியா தோற்றது. 2000 ஏப்ரல் 1 அன்று 714 பொருள்களுக்கும், 2001 ஏப்ரல் 1 அன்று 715 பொருள்களுக்கும் கட்டுப்பாடு நீங்கியது. இதை வெறும் அயலார் மிரட்டல் என்று சொல்லிவிட முடியாது. 1994-இல் நாமே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் விளைவு அது. ஆனால் அந்தக் கையெழுத்துக்கு முன் பாராளுமன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டும் என்று நம் அரசியலமைப்பில் கட்டாயம் இல்லை. அரசியலமைப்பைச் சீராய்ந்த ஆணையம் 2002-இல், ஒப்பந்தங்கள் பற்றிப் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அத்தகைய சட்டம் இன்னும் வரவில்லை.

மூன்றாவது நிகழ்ச்சி வேதியியல் மாணவியாகிய எனக்கு நெருக்கமானது. சில அசோ சாயங்கள் சிதையும்போது அரோமாட்டிக் அமீன்கள் வெளிப்படுகின்றன. அவற்றுள் சில புற்றுநோய் தரவல்லவை. 1994-இல் ஜெர்மனி அத்தகைய சாயமிட்ட துணிகளைத் தடை செய்ய விதி கொண்டுவந்தது. நம் ஏற்றுமதியாளர்கள் பதறினர். 1997-இல் நம் அரசும் 70 வகை அசோ சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. ஜெர்மானியர் தம் உடலைக் காக்க எழுதிய விதி, இங்கே சாயத் தொட்டியில் கை நனைப்பவரின் உடலையும் காத்தது. எங்கள் தெருவில் சாயம் போடும் பெரியப்பாவின் விரல்களில் நிறம் எந்நாளும் போவதில்லை. அந்த விரல்களைப் பார்க்கும்போது, வெளியிலிருந்து வந்தது என்பதற்காகவே ஒரு கருத்தைத் தள்ளிவிடக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆகவே அயலார் பேசுவது குற்றமன்று. மறைவாகப் பேசுவதும், பணத்தோடு பேசுவதும், நம்மவர் இல்லாத இடத்தில் தனியே பேசுவதுமே குற்றம்.

அறுபது நாளும் முப்பது நாளும்

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கடலுக்கு அப்பால் இருப்பவருக்கு எப்படித் தெரிகிறது?

விடை எளியது. நாமே சொல்லி அனுப்புகிறோம். வாணிபத்துக்கான தொழில்நுட்பத் தடைகள் பற்றி உலக வர்த்தக அமைப்பில் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஓர் உறுப்பு நாடு, பன்னாட்டுத் தரத்துக்கு மாறுபட்டதும் வாணிபத்தைப் பெரிதும் பாதிக்கக்கூடியதுமான தர விதியை எழுத முனைந்தால், வரைவு நிலையிலேயே மற்ற நாடுகளுக்கு அறிவிக்க வேண்டும். கருத்துச் சொல்ல 60 நாளாவது தருவது முறை என்று அதன் குழு பரிந்துரைத்திருக்கிறது. யார் கேட்டாலும் விளக்கம் தர ஒவ்வொரு நாட்டிலும் ஓர் அலுவலகம் உண்டு. இந்தியாவில் அது இந்தியத் தர நிர்ணய அமைவனம். அறிவிப்புகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய மூன்று மொழிகளில் வெளியாகின்றன. இந்த ஏற்பாடு நமக்கும் பயன்படுவதுதான். பிற நாடுகள் எழுதும் விதியைப் பற்றி நம் ஏற்றுமதியாளரும் இவ்வழியில் கருத்துச் சொல்லலாம்.

நம் மக்களுக்கு என்ன ஏற்பாடு? 1897-ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டத்தில் 23-ஆம் பிரிவு ஒன்று உண்டு. முன்கூட்டி வெளியிட வேண்டும் என்று ஒரு சட்டம் சொன்னால், அதன் கீழ் வரும் விதியின் வரைவை வெளியிட்டு, பாதிக்கப்படுவோரின் ஆட்சேபங்களைக் கேட்டு ஆராய்ந்த பின்பே விதியை இறுதி செய்ய வேண்டும். ஆனால் எல்லாச் சட்டங்களும் அவ்வாறு சொல்வதில்லை. 2014-இல் மத்திய அரசு, சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை ஒன்றை வகுத்தது. எந்த வரைவையும் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் வெளியிட வேண்டும் என்பது அது. நல்ல கொள்கை. ஆனால் கொள்கைதான்; சட்டமன்று. மீறினால் கேட்பார் இல்லை.

மொழியோ பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியும். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது இக்குறை நாடெங்கும் பேசப்பட்டது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்த்து வெளியிடும்படி டில்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று ஆணையிட்டது. கருத்துக் கூறும் காலத்தையும் ஆகஸ்டு 11 வரை நீட்டியது. அவ்வளவு முயன்றுதான் ஒரு வரைவுக்குத் தமிழ் கேட்க வேண்டியிருந்தது.

எண்ணிப் பாருங்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் ஆலைக்கு அறுபது நாள். அதன் மொழி தெரிந்த வழக்கறிஞர். கேட்டால் விளக்கம் சொல்ல ஓர் அலுவலகம். ஆரணித் தறிகாரருக்கு முப்பது நாள், தெரியாத மொழி, சொல்லித் தர இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண். காற்று வெற்றிடத்தை நோக்கிப் பாயும் என்று ஆய்வுக்கூடத்தில் படிக்கிறோம். செல்வாக்கும் அப்படித்தான். நாம் காலியாக விட்ட இடத்தில் அயலார் வந்து அமர்வதில் வியப்பென்ன?

காலியாகக் கிடக்கும் நாற்காலி

இதை எங்கள் தொழிலை வைத்தே விளக்குகிறேன். சீனத்திலிருந்து வரும் பட்டு இழை சீராக இருப்பதால் நெசவில் அதற்கு நாட்டம் அதிகம். ஆனால் அது மிக மலிவாக வந்து குவிந்தால் ஓசூரிலும் கருநாடகத்திலும் பட்டுக்கூடு வளர்க்கும் உழவர் வாழ்வு கெடும். 2011-12 நிதிநிலை அறிக்கையில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கருநாடகத்துப் பட்டு உழவர்கள் கொதித்தெழுந்தனர். 2013-14-இல் அது 15 ஆயிற்று. இடையில் 10-ஆகக் குறைந்திருந்த வரி, 2021-22-இல் மறுபடியும் 15-ஆக உயர்ந்தது.

வரி குறைந்தால் உழவருக்கு நட்டம். கூடினால் நூல் வாங்கும் நெசவாளருக்குச் சுமை. இருவரும் நம்மவரே. அப்பா கூலிக்கு நெய்பவர். நூல் விலை ஏறும் மாதங்களில் பாவு தாமதமாக வரும். சில வாரம் வராமலும் இருக்கும். அப்போது அம்மாவின் ராட்டையும் சும்மா கிடக்கும். வரி ஒன்றே அதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டில்லியில் எழுதும் ஓர் எண், எங்கள் வீட்டு உலையில் அரிசியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது.

சீனப் பட்டு விலை குறைத்துக் குவிக்கப்படுகிறது என்ற புகாரின் பேரில் 2003-இல் அதன்மேல் குவிப்புத் தடுப்பு வரியும் விதிக்கப்பட்டது. இத்தகைய வரிக்கு முன் ஒரு விசாரணை நடக்கும். அதற்கான விதிகள் 1995-இல் எழுதப்பட்டவை. அவற்றைப் படித்தபோது எனக்கு இரண்டு செய்திகள் கிடைத்தன. முதலாவது, அயல்நாட்டு ஏற்றுமதியாளர் தம் பேச்சை மறைவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. தொழில் இரகசியம் என்று எதையேனும் மூடினாலும், அதன் சுருக்கத்தையாவது எதிர்த்தரப்பு பார்க்கும்படி தர வேண்டும்; தர இயலாதெனில் காரணம் கூற வேண்டும். இரண்டாவது, 6-ஆம் விதி. விசாரணைக்குரிய பொருளைத் தொழிலில் பயன்படுத்துவோருக்கும் தகவலும் கருத்தும் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது அது.

பட்டு நூலைத் தொழிலில் பயன்படுத்துவோர் யார்? எங்கள் தெருவே அல்லவா! அந்த மன்றத்தில் 1995 முதல் எங்களுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். “முப்பது வருசமா அந்த நாற்காலி காலியாவா கெடக்குது?” என்றார்.

செய்யத் தக்கவை

அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டிலேயே, அயல்நாட்டாருக்காகப் பேசுவோர் அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவில் 2018 முதலும் பிரிட்டனில் 2025 ஜூலை முதலும் இத்தகைய பதிவேடுகள் உள்ளன. நம் நாட்டில் இல்லை. என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் நான்கு செயல்கள் வேண்டும்.

முதலாவது, ஒரு வரைவைப் பற்றிக் கருத்துக் கூறும் எவரும் தாம் யார், யாருக்காகப் பேசுகிறார், அதற்குப் பணம் தருபவர் யார் என்று எழுத வேண்டும். அமைச்சகம் அக்கருத்துகள் அனைத்தையும் வெளியிட வேண்டும்.

இரண்டாவது, 2014-ஆம் ஆண்டுக் கொள்கையைச் சட்டமாக்க வேண்டும். அயல்நாட்டாருக்கு எத்தனை நாளோ அத்தனை நாளாவது நம் மக்களுக்கும் தர வேண்டும். பாதிக்கப்படும் தொழிலாளரின் மொழியில் வரைவின் சுருக்கமாவது வர வேண்டும்.

மூன்றாவது, இறுதி விதியோடு காரணங்களும் வர வேண்டும். எந்தக் கருத்து ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, ஏன் என்று தெரிந்தால் மறைவான செல்வாக்குக்கு ஒளிய இடம் இராது.

நான்காவது, வாணிப ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும். ஒப்பந்தம் முடிந்தபின் விதியை மாற்று என்று கேட்பது, நெய்து முடித்த சேலையில் பாவை மாற்று என்று கேட்பது போன்றது.

முடிவுரை

இவை அரசு செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் என்னைப் போல் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். தறியிலிருந்தும் கழனியிலிருந்தும் செங்கற்சூளையிலிருந்தும் வந்தவர்கள். நமக்குக் கிடைத்திருக்கும் இந்த ஆங்கிலம் வேலைவாய்ப்புத் தேர்வுக்கு மட்டுமன்று.

சென்ற கார்த்திகை முதல் நானும் என் வகுப்புத் தோழியர் இருவரும் ஒரு சிறு பழக்கம் வைத்திருக்கிறோம். ஞாயிறுதோறும் ஜவுளி, வேளாண்மை பற்றிய வரைவுகள் ஏதேனும் வந்துள்ளனவா என்று பார்க்கிறோம். வந்திருந்தால் ஒரு முழுத்தாளில் தமிழில் சுருக்கி, கடைசித் தேதியைச் சிவப்பு மையில் எழுதி, தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒட்டுகிறோம். முதல் தாளைப் படித்தவர் நான்கு பேர். மூன்றாவது தாள் ஒட்டியபோது கடைக்காரரே பசை காய்ச்சி வைத்திருந்தார்.

தை மாதத்தில் ஒரு வரைவுக்குக் கருத்து அனுப்பினோம். அப்பா சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதி, கீழே ஆங்கிலமும் சேர்த்தேன். பதினேழு தறிகாரர்கள் கையெழுத்திட்டனர். அதன் முடிவு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கையெழுத்திடும் முன் அப்பா கேட்ட கேள்வி, சென்ற ஆண்டு கேட்டதிலிருந்து வேறுபட்டது. கடலுக்கு அந்தாண்ட இருப்பவரைப் பற்றி அவர் கேட்கவில்லை.

“கடைசி நாளுக்கு இன்னும் எத்தினி நாள் இருக்குதும்மா?” என்றார்.

“ஒன்பது நாள் இருக்குதுப்பா.”

“அப்போ தேவிகாபுரத்திலேயும் சொல்லிட்டு வரலாம்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.